ஜாமீன் கையெழுத்துப் போட எங்கள் லயத்தில் ஆளில்லை: கல்வி அறவாரியங்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: மலேசிய இந்தியச் சமுதாயக் கல்வி அறவாரியங்கள், கூட்டுறவுக் கல்வி நிதிகள் ஆகியவற்றின் அறங்காவலர்கள்

மதிப்பிற்குரிய அறங்காவலர்களுக்கு,

உங்களில் ஓர் அறவாரியம் சென்ற மாதம் அனுப்பிய கடிதம்தான் இந்த மடலை எழுத வைத்தது. அதன் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. எழுதியவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்கும் இது பொருந்தும். முதுகலை, முனைவர் பட்டப் படிப்புகளுக்கு இவ்வாண்டு முதல் உதவி கிடையாது, உடனடி வேலைவாய்ப்புத் தரும் இளங்கலைப் படிப்புகளுக்கே முன்னுரிமை என்று இரண்டே வரி. அதைப் பெற்றவள் சுங்கை சிப்புட்டில் என் சனிக்கிழமை வகுப்பில் படித்த பெண். வேதியியலில் முதல் வகுப்பு. முதுகலை ஆய்வுக்கு இடம் தருகிறேன் என்று ஒரு பேராசிரியர் சொல்லிவிட்டார். அப்பா செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறார், அம்மாவுக்குப் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வேலை. கடிதத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, "பரவால்ல டீச்சர், ஈப்போவுல ஒரு பேங்க்ல கூப்பிட்டிருக்காங்க" என்று கீழே எழுதியிருந்தாள். எனக்குத்தான் பரவாயில்லை என்று விட முடியவில்லை.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். சுங்கை சிப்புட் என்றால் வரலாற்றுப் பாடத்தில் 1948 ஜூன் 16 வரும், தோட்டத் துரைகள் சுடப்பட்டு அவசரகாலம் பிறந்த நாள். அரசியல் மேடையில் ம.இ.கா. தலைவராக இருந்த துன் சம்பந்தன் வருவார். எனக்கு வருவது ஊருக்கு வெளியே இருந்த ஒரு தோட்டம். நான் இடைநிலைப்பள்ளியில் இருந்தபோது பால்மரங்களை அழித்துச் செம்பனை போட்டார்கள். அப்பா பால் வெட்டும் உளியை வைத்துவிட்டு அரிவாளைப் பிடித்தார். அம்மாவுக்குக் களைக்கொல்லி மருந்தடிக்கும் வேலை. நான் பட்டம் வாங்கும் வரை லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில்தான் இருந்தோம். பிற்பாடு தோட்டம் கைமாறி, வீட்டைக் காலி செய்யச் சொன்னதும் ஊருக்குள் மலிவு விலை வீட்டுக்கு வந்தோம். செம்பனையின் அடித்தண்டை அழுக வைக்கும் கனோடெர்மா பூஞ்சையைப் பற்றி ஆய்வு செய்து முனைவர் பட்டம் வாங்கினேன். இப்போது ஈப்போவில் ஒரு தனியார் கல்லூரியில் விரிவுரையாளர். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய ஒப்பந்த வேலை.

உங்கள் கடிதத்தின் காரணத்தையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். உடனடி வேலைவாய்ப்பை நான் அலட்சியம் செய்யவில்லை. பிள்ளை பட்டம் முடித்த மறுமாதமே வீட்டுக்குச் சம்பளம் வந்தாக வேண்டும் என்ற நிலையில்தான் நானும் வளர்ந்தேன். ஆனால் உங்கள் கணக்குப்படி பார்த்தால், தோட்டத்துப் பிள்ளை பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போகலாம், அங்கே பாடம் நடத்தப் போகக் கூடாது என்று ஆகிறது. இதை நீங்கள் நினைத்து முடிவு செய்தீர்களா, நினைக்காமலே முடிவு செய்தீர்களா என்று எனக்குத் தெரியாது. நினைக்காமல்தான் இருக்க வேண்டும். ஏனென்றால் நம் வீடுகளிலும் மருத்துவர், வழக்கறிஞர், கணக்காய்வாளர் என்று மூன்று வார்த்தைகளுக்கு மேல் பேச்சு போவதில்லை. பேராசிரியர் என்றால் தமிழ் சொல்லிக்கொடுப்பவர் என்று முடித்துவிடுகிறோம். மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை 1956-இல் தொடங்கியது. அங்கே பணியாற்றிய தனிநாயகம் அடிகளின் முயற்சியால்தான் 1966-இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடியது. அந்தப் பெருமையை ஆண்டு விழாக்களில் சொல்கிறோம், சரி. மண்ணியலில், பொருளியலில், பொதுச் சுகாதாரத்தில், தொழிலாளர் சட்டத்தில் நம் பிள்ளைகள் விரிவுரை மேடையில் நிற்க வேண்டும் என்று எந்த விழாவில் சொன்னோம்?

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்கு என் அம்மாவின் கையைக் காட்டுவேன். பாராகுவாட் என்ற களைக்கொல்லி இந்த நாட்டில் 2020 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டது. அதற்கு முன் பல பத்தாண்டுகள் அதைப் பம்பில் ஊற்றி முதுகில் சுமந்து அடித்தவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துப் பெண்கள். என் அம்மாவுக்கு விரல் நகங்கள் கழன்று கழன்று முளைத்தன. மூக்கில் ரத்தம் வரும். "மருந்து சூடு" என்பார், மோர் குடிப்பார். தொண்டு அமைப்புகள் இதைப் பற்றிக் கேள்வி கேட்டன, அதற்கு நன்றி. ஆனால் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து, நகம் ஏன் கழல்கிறது என்று கேட்க எங்கள் லயத்துப் பிள்ளை ஒருத்தி அங்கே இருந்திருந்தால் அந்தத் தடைக்கு அவ்வளவு காலம் ஆகியிருக்குமா? என் துறையிலும் இதே கதைதான். கனோடெர்மா தாக்கிய மரத்தில் வெளியே அறிகுறி தெரிவதற்குள் அடித்தண்டில் பாதிக்கு மேல் அழுகியிருக்கும். விரியாத குருத்துகள் இரண்டு மூன்று சேர்ந்து நிமிர்ந்து நின்றால், அப்பா அண்ணாந்து பார்த்தே "இந்த மரம் போச்சு" என்பார். அதையே பிற்பாடு பாடநூலில் படத்தோடு பார்த்தேன். தோட்டத்தில் வளர்ந்தவர்களிடம் இப்படி எவ்வளவோ அறிவு இருக்கிறது. அது ஆய்வாக மாறுவதற்கு ஒருவர் படித்து முடித்து உள்ளே போய் உட்கார வேண்டும்.

உள்ளே போவதற்கு எது தடை? கட்டணம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். உங்கள் விண்ணப்ப பாரத்தில் எப்போதும் கட்டண ரசீதைத்தான் கேட்கிறீர்கள். என் அனுபவத்தில் கட்டணம் கடைசித் தடை.

நான் இளங்கலை முடித்ததும் ஒரு பொதுப் பல்கலைக்கழகம் எனக்கு ஆய்வாளர் பயிற்சி இடம் தந்தது. மாதப் படி உண்டு, கட்டணம் இல்லை, படித்து முடித்ததும் அங்கேயே சில ஆண்டுகள் விரிவுரையாளராகப் பணி செய்ய வேண்டும். இதைவிட என்ன வேண்டும்? ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் இரண்டு ஜாமீன்தாரர்கள் கேட்டிருந்தார்கள். குடியுரிமை, நிரந்தர வேலை, குறிப்பிட்ட தொகைக்கு மேல் மாதச் சம்பளம். சம்பளச் சீட்டை இணைக்க வேண்டும். நான் படிப்பைப் பாதியில் விட்டால் மொத்தப் பணத்தையும் அவர்கள் கட்ட வேண்டும்.

எங்கள் லயத்தில் அந்தச் சம்பளம் யாருக்கும் இல்லை. தோட்டத்து எழுத்தரான கிராணியாரிடம் போனோம், அவருக்கே எட்டவில்லை. கே.எல்.-இல் (கோலாலம்பூரில்) லாரி ஓட்டும் மாமாவுக்கு ஓவர்டைம் எல்லாம் சேர்த்தால் தொகை வந்துவிடும், ஆனால் சீட்டில் காட்டும் சம்பளம் வேறு. கடைசியில் அப்பா ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியர் வீட்டு வாசலில் போய் நின்றார். நல்ல மனிதர். ஏற்கெனவே இரண்டு பிள்ளைகளுக்குக் கையெழுத்துப் போட்டிருந்தார். அதில் ஒருவன் கடனைக் கட்டாமல் போய்விட, இவருக்கு நோட்டீஸ் வந்துகொண்டிருந்தது. அந்த நோட்டீஸ்களை எடுத்து வந்து அப்பாவிடம் காட்டினார். அதற்குப் பிறகு என்ன கேட்பது? பசியாறிவிட்டுப் போங்கள் என்றார், அப்பா பசியாறாமலே வந்துவிட்டார். கெடு தேதி முடிந்தது, இடம் வேறொருவருக்குப் போனது. என் மதிப்பெண்ணைப் பார்த்துக் கொடுத்த இடத்தை என் உறவினர்களின் சம்பளச் சீட்டைப் பார்த்துத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

இந்த ஒரு தடையை நீங்கள் நினைத்தால் ஏறக்குறைய ஒரு காசும் செலவில்லாமல் நீக்கலாம். அறவாரியத்துக்குச் சொத்து இருக்கிறது, வங்கிக் கணக்கு இருக்கிறது, தணிக்கையாளர் இருக்கிறார். பல்கலைக்கழகங்களோடு பேசி, ஆய்வு மாணவருக்கு அறவாரியமே ஜாமீன் நிற்கும் என்று ஓர் ஏற்பாடு செய்துகொண்டால் போதும். ஆய்வுக்கு இடம் கிடைக்கும் அளவுக்குப் படித்த பிள்ளை பாதியில் ஓடிவிடும் என்ற பயம் உங்களுக்கு இருந்தால், அதே பயம்தான் அந்த ஆசிரியருக்கும் இருந்தது. அவர் தன் வீட்டை வைத்துத் தாங்கினார். உங்களுக்குப் பின்னால் ஒரு சமுதாயமே இருக்கிறது.

அதன் பிறகு நான் கையுறைத் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்டில் வேலை பார்த்தேன். பி.டி.பி.டி.என். என்ற அரசு உயர்கல்விக் கடன் ஒரு பக்கம், தம்பியின் படிப்பு ஒரு பக்கம். சில ஆண்டுகள் கழித்து, பழைய பேராசிரியர் ஒருவர் தன் ஆய்வு மானியத்தில் உதவியாளர் இடம் இருக்கிறது, வருகிறாயா என்று கேட்டதால் மறுபடி உள்ளே போனேன். அதற்கு ஜாமீன் கேட்கவில்லை. ஆனால் ஆய்வு உதவியாளரின் படி மானியத்தோடு கட்டப்பட்டது. மானியம் முடிந்த மாதமே படி நின்றுவிட்டது, ஆய்வோ பாதியில் நின்றது. ஆய்வேட்டை எழுதிய காலம் முழுக்க டியூஷன் நடத்தித்தான் சாப்பிட்டேன். ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு வாய்மொழித் தேர்வுக்குக் காத்திருந்த மாதங்கள், பட்டம் வந்த பிறகு மணிக்கணக்குச் சம்பளத்தில் பகுதி நேர விரிவுரை, பருவ விடுமுறை வந்தால் அதுவும் இல்லை. ஒருவர் கல்வியாளர் ஆவதற்கான செலவு இந்த இடைவெளிகளில்தான் இருக்கிறது. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு இந்த மாதங்கள் அப்பா அம்மா கொடுக்கும் மாதங்கள். எங்கள் வீட்டில் அந்த மாதங்களில் நான் கொடுக்க வேண்டியவள்.

இந்த நடுவில் உங்களில் ஒருவர் எனக்கு 2,000 ரிங்கிட் கொடுத்தீர்கள். ஒரே தடவை. கே.எல்.-இல் விழா, ஆளுயர அட்டைக் காசோலை, பொன்னாடை, மூன்று பேச்சாளர்கள். அப்பாவும் அம்மாவும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். அந்தப் பணம் எனக்கு உதவவில்லை என்று சொன்னால் பொய். பழைய மடிக்கணினி செத்துப்போயிருந்தது, புதிதாக வாங்கினேன். ஆனால் அதை வைத்து ஒருவரை முனைவர் ஆக்கிவிட்டோம் என்று உங்கள் ஆண்டறிக்கையில் என் படத்தைப் போட்டது கொஞ்சம் அதிகம்.

உலகத்தில் யாரும் செய்யாததை நான் கேட்கவில்லை. அமெரிக்காவில் கறுப்பினத்தவர், ஹிஸ்பானியர், பூர்வகுடிகள் போன்றோர் பேராசிரியர் பணிகளில் மிகக் குறைவாக இருந்ததைப் பார்த்துத்தான் அங்கே தனி ஆய்வுதவித் திட்டங்கள் பிறந்தன. சேலஞ்சர் விண்கல விபத்தில் இறந்த இயற்பியலாளர் ரொனால்ட் மெக்நேரின் பெயரில் அந்நாட்டு அரசு நடத்தும் திட்டம், குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிக்கும் ஏழை மாணவர்களை இளங்கலையிலேயே பிடித்து முனைவர் படிப்புக்குத் தயார் செய்கிறது. மெலன் அறக்கட்டளை 1988-இல் தொடங்கிய திட்டம் இன்னும் நுட்பமானது. இளங்கலையின் நடுவிலேயே மாணவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவருக்கென்று ஒரு வழிகாட்டிப் பேராசிரியர். விடுமுறையில் வேறு வேலைக்குப் போகாமல் ஆய்வு செய்யப் படி. பிறகு முனைவர் படிப்பில் சேர்ந்தால் அவருடைய இளங்கலைக் கல்விக் கடனில் ஒரு பகுதியை அடைக்க உதவி. இப்படி வந்து முனைவர் பட்டம் பெற்றவர்கள் ஆயிரத்துக்கும் மேல். அந்தக் கடைசி உதவியைக் கவனியுங்கள். கடன் இருக்கும் பிள்ளை மேலே படிக்கத் தயங்கும் என்பதை அங்கே ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்.

கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் 1984-இல் தொடங்கிய முனைவருக்குப் பிந்தைய ஆய்வுதவித் திட்டம் அடுத்த இடைவெளியை அடைத்தது. அதில் இருந்த ஆய்வாளரை எந்த வளாகமாவது பேராசிரியராக எடுத்துக்கொண்டால், முதல் சில ஆண்டுகளுக்கு அவருடைய சம்பளத்தில் ஒரு பகுதியைத் தலைமை அலுவலகமே கொடுத்தது. தென்னாப்பிரிக்கா 2015-இல் வேறு வழியில் போனது. நிரந்தர விரிவுரையாளர் பதவியை முதலிலேயே கொடுத்துவிட்டு, ஆறு ஆண்டுக் காலப் பயிற்சியில் முனைவர் பட்டத்தையும் முடிக்க வைக்கும் திட்டம் அது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். லயத்து வீட்டில் போய், உங்கள் மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது, கூடவே படிக்கவும் வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள். யாரும் தடுக்க மாட்டார்கள்.

அங்கேயே பலவற்றை நிறுத்துகிறார்களே என்று உங்களில் விவரம் தெரிந்த ஒருவர் கேட்கலாம். உண்மைதான். நெடுங்காலம் நடந்த ஃபோர்டு அறக்கட்டளையின் ஆய்வுதவித் திட்டத்தை முடித்துக்கொள்வதாக 2022-இல் அறிவித்தார்கள். இந்தியாவில் சிறுபான்மையினருக்கான மௌலானா ஆசாத் ஆய்வுதவித் திட்டமும் அதே ஆண்டில் நிறுத்தப்பட்டது. கொடுப்பவரின் மனது மாறினால் திட்டம் முடிந்தது. நீங்களும் இரண்டு வரிக் கடிதத்தில் அதைத்தான் செய்திருக்கிறீர்கள். அதனால்தான் ஆய்வுதவியை ஆண்டுக் கூட்டத்தின் முடிவுக்கு விடாமல் அறவாரியத்தின் ஆவணத்திலேயே எழுதி வையுங்கள் என்கிறேன்.

இதெல்லாம் அரசாங்கத்தின் வேலை, எங்களை ஏன் கேட்கிறாய் என்பது அடுத்த கேள்வி. அரசாங்கத்தையும் கேட்கிறேன், அதற்குத் தனி மடல் போயிருக்கிறது. மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 153-ஆம் பிரிவு, மலாய்க்காரர்கள், சபா சரவாக் பூர்வகுடிகள் ஆகியோரின் சிறப்பு நிலையைக் காக்கும் பொறுப்பை மாமன்னருக்குக் கொடுக்கும் அதே வாக்கியத்தில், பிற சமூகங்களின் நியாயமான நலன்களையும் காக்கச் சொல்கிறது. 12-ஆம் பிரிவு, பொதுப் பணத்தில் கல்வி உதவி கொடுப்பதில் இனம் பார்க்கக் கூடாது என்கிறது. இதைப் பற்றிச் சட்டம் படித்தவர்கள் எவ்வளவோ வாதாடியிருக்கிறார்கள், எனக்கு அதில் புகுந்து வெளியே வரும் திறமை இல்லை. நடைமுறையில் பொதுப் பல்கலைக்கழகங்களுக்கு விரிவுரையாளர்களை உருவாக்கும் அமைச்சுத் திட்டங்களில் ஒன்று பெயரிலேயே பூமிபுத்ராவுக்கானது, அதாவது மலாய்க்காரர்களுக்கும் பூர்வகுடிகளுக்கும். பக்கத்தில் எஸ்.எல்.ஏ.ஐ. என்று மற்றவர்களுக்கான பயிற்சித் திட்டம் இன்னொன்று இருக்கிறது. அப்படி ஒன்று இருப்பதே தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது, தெரிந்தாலும் பல்கலைக்கழகத்துக்குள் ஒருவர் கைகாட்டிவிட வேண்டும். 2023-க்குள் 60,000 முனைவர்களை உருவாக்கப் போவதாகச் சொன்ன மைபிரெயின்15 திட்டத்தில் இனப் பாகுபாடு இல்லாமல் நம் பிள்ளைகள் சிலர் படித்தார்கள். அதுவும் பாதி வழியில் நின்றது. 2017-இல் வந்த மலேசிய இந்தியர் புளூபிரிண்ட் என்ற அரசுத் திட்டம் பொதுச் சேவையில் 7 விழுக்காடு இந்தியர் என்று இலக்கு வைத்தது. பொதுப் பல்கலைக்கழக விரிவுரையாளர் வேலைக்கு அந்த இலக்கின்படி விண்ணப்பம் போட, முனைவர் பட்டத்தோடு ஆட்கள் வரிசையில் நிற்க வேண்டும் அல்லவா? கதவு திறக்கட்டும், பிறகு ஆளைத் தயார் செய்வோம் என்றால் எட்டு பத்து ஆண்டுகள் போய்விடும். ஒரு விரிவுரையாளர் உருவாக அவ்வளவு காலம் பிடிக்கும்.

பணமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியபோது அதில் பங்கு போட்டவர்கள் தோட்டத் தொழிலாளர்கள். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றதால் வேலையும் வீடும் போய்க்கொண்டிருந்த காலம் அது. கூலியில் சிறுகச் சிறுகக் கட்டிய பணத்தில் தோட்டமே வாங்கினார்கள். அதைத் தொடங்கி வைத்த துன் சம்பந்தன் எங்கள் ஊர்க்காரர் என்பதால் இதை நான் கொஞ்சம் சத்தமாகவே சொல்வேன். சரி, கணக்கைப் பார்ப்போம். மாதம் 2,500 ரிங்கிட் என்று வைத்தால் ஒரு முனைவர் மாணவருக்கு ஆண்டுக்கு 30,000, நான்கு ஆண்டுக்கு 120,000 ரிங்கிட். நாட்டின் குறைந்தபட்சச் சம்பளமே இப்போது 1,700 ரிங்கிட் என்பதால் 2,500 என்பது ஆடம்பரம் இல்லை. ஒரு விழாவில் 300 பேருக்குத் தலா 1,000 கொடுத்தால் 300,000 ஆகிறது. மண்டபம், சாப்பாடு, பொன்னாடை தனி. அந்த 300 பேருக்குக் கொடுப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. அதில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்து வைத்தால் ஆண்டுக்கு 60,000. ஓர் அறவாரியம் எந்நேரமும் இரண்டு முனைவர் மாணவர்களைத் தாங்கலாம். ஐந்து அறவாரியங்கள் சேர்ந்தால் பத்துப் பேர்.

முனைவர் படித்தவர்களே வேலையில்லாமல் இருக்கிறார்கள் என்ற பேச்சு எனக்குப் புதிது இல்லை. என் சொந்தக்காரர்கள் என்னைக் காட்டியே அதைச் சொல்கிறார்கள். நிரந்தர இடங்கள் குறைந்திருப்பது உண்மை. ஆனால் அந்தக் குறைந்த இடங்களுக்குப் போட்டி போடும்போது நல்ல ஆய்விதழ்க் கட்டுரைகளோடு, வெளிநாட்டு ஆய்வுக்கூடத்தில் ஒரு வருட அனுபவத்தோடு வருபவர் ஜெயிக்கிறார். டியூஷன் நடத்தி ஆய்வேடு எழுதியவர் தோற்கிறார். அவருடைய கட்டுரைகள் எல்லாம் இன்னும் எழுதப்படாமல் மடிக்கணினியில் கிடக்கின்றன. என்னுடையவை இரண்டு அப்படிக் கிடக்கின்றன.

ஆகவே உங்களிடம் நான் வெளிப்படையாகக் கேட்பவை இவை.

முதுகலை, முனைவர் படிப்புக்கான உதவியை நிறுத்திய அறவாரியம் அந்த முடிவைத் திரும்பப் பெற வேண்டும். இவ்வாண்டு மறுக்கப்பட்ட விண்ணப்பங்களை மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். மாணவர்கள் மீண்டும் பாரம் நிரப்ப வேண்டியதில்லை, எல்லாம் உங்கள் கோப்பில் இருக்கிறது.

ஒரு தடவை கொடுக்கும் தொகைக்குப் பதிலாக, ஆய்வு மாணவருக்கு மாதப் படியாகக் கொடுங்கள். ஆய்வேடு எழுதும் காலம், வாய்மொழித் தேர்வுக்குக் காத்திருக்கும் காலம், பட்டத்துக்குப் பிந்தைய முதல் ஓராண்டு ஆகியவற்றையும் அதில் சேருங்கள். அந்த ஓராண்டில்தான் கட்டுரை எழுத முடியும், வேலைக்கு விண்ணப்பிக்க முடியும். முதுகலையில் சேரும் நாளிலிருந்து அவருடைய பி.டி.பி.டி.என். தவணையை நீங்கள் கட்டுங்கள்.

ஜாமீன் விஷயத்தில், அறவாரியங்கள் எல்லாம் சேர்ந்து ஒரே குரலில் 20 பொதுப் பல்கலைக்கழகங்களோடும் பேசி, நிறுவன ஜாமீனை ஏற்க வைக்க வேண்டும். நான் கேட்பவற்றில் மிக அவசரமானது இதுதான். மற்ற எதற்கும் மனமில்லை என்றாலும் இதைச் செய்யுங்கள்.

அப்புறம், தேர்வை இளங்கலை இரண்டாம் ஆண்டிலேயே தொடங்குங்கள். நம்மில் ஏற்கெனவே விரிவுரையாளர்களாக இருப்பவர்களும் ஓய்வு பெற்றவர்களும் வழிகாட்டியாக வரத் தயாராக இருக்கிறார்கள், யாரும் கூப்பிடுவதில்லை. எஸ்.எல்.ஏ.ஐ. என்றால் என்ன, ஒரு பேராசிரியருக்கு முதல் மின்னஞ்சலை எப்படி எழுதுவது, நேர்காணலில் என்ன கேட்பார்கள் என்பதெல்லாம் நகரத்துப் பிள்ளைக்குச் சாப்பாட்டு மேசையில் கிடைக்கும் விவரம். எங்கள் பிள்ளைகளுக்கு யாராவது உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். தேர்வுக் குழுவில் தோட்டத்தில் வளர்ந்த ஒருவராவது இருக்கட்டும். எங்கள் ஊருக்கு அருகே லாசா பக்கத்தில் இருக்கும் தெமியார் பூர்வகுடிப் பிள்ளைகள் விண்ணப்பித்தால் இனத்தைச் சொல்லித் திருப்பி அனுப்பாதீர்கள். பல்கலைக்கழக மேடைகளில் அவர்கள் நம்மைவிட அரிது.

ஆண்டறிக்கையில் எத்தனை காசோலை கொடுத்தோம் என்பதோடு, எத்தனை பேர் பட்டம் முடித்தார்கள், அவர்களில் எத்தனை பேர் இன்று பல்கலைக்கழகத்தில் வேலையில் இருக்கிறார்கள் என்றும் எழுதுங்கள். உயர்கல்வி அமைச்சிடமும் விரிவுரையாளர்களின் இன வாரியான எண்ணிக்கையைப் பல்கலைக்கழகம் பல்கலைக்கழகமாக வெளியிடச் சொல்லிக் கேளுங்கள். தனி ஆளாக நான் கேட்பதைவிட நீங்கள் கேட்டால் பதில் வரும்.

தீபாவளிக்கு முன் இதற்கு எழுத்து மூலம் பதில் தேவை. முடியாது என்றால் ஏன் முடியாது என்று எழுதுங்கள், அதையும் மாணவர்களிடம் அப்படியே சொல்லிவிடுவோம். நேரில் பேச வேண்டுமென்றால் நாங்கள் கே.எல். வருவதற்குப் பதில் இந்தத் தடவை நீங்கள் சுங்கை சிப்புட் வாருங்கள். சனிக்கிழமை மதியம் எங்கள் வகுப்பு முடிந்ததும் அதே இடத்தில் உட்கார்ந்து பேசலாம். ஆய்வுக்கு இடம் கிடைத்தும் ஜாமீன் கிடைக்காத பிள்ளைகளை நான் வரச் சொல்கிறேன். நீங்கள் கையெழுத்துப் போடும் அதிகாரம் உள்ளவரை அழைத்து வாருங்கள்.

இப்படிக்கு,
சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு விரிவுரையாளர்